அவலுக்கு அடித்த மணி

மோதி பாக் அரசாங்கக் குடியிருப்பில் அம்சவேணி வீட்டுச் சமையலறைக்கும் ஹன்னா வீட்டுச் சமையலறைக்கும் நடுவில் இருந்தது ஒற்றைச் செங்கல் சுவர். இந்தப் பக்கம் மிளகாய் கிள்ளிப் போட்டால் அந்தப் பக்கம் தும்மல் கேட்கும். பால் வண்டி வந்துவிட்டது, குழாயில் தண்ணீர் நிற்கப் போகிறது, காய்கிற துணியைக் குரங்கு இழுக்கிறது, எந்தச் செய்தியானாலும் கரண்டிக் காம்பால் சுவரில் இரண்டு தட்டு. பதிலுக்கு அங்கிருந்து இரண்டு தட்டு. பிறகு இருவரும் பின்பக்க பால்கனிக்கு வருவார்கள். ஒரு கிண்ணம் சர்க்கரையோ நாலு பச்சை மிளகாயோ கைப்பிடிச் சுவருக்கு மேலே கை மாறும். ஒரு கையால் நீட்டுவது, ஒரு கையால் வாங்குவது. இன்னொரு கையில் கரண்டி இருக்கும்.

ஹன்னாவின் கணவர் ரூபன் பேண்கர் தபால் தந்தி இலாகாவில் வேலை பார்த்தார். கொங்கணக் கடற்கரையிலிருந்து வந்த யூதக் குடும்பம். வீட்டில் மராத்தி பேசுவார்கள். இதெல்லாம் குடியிருப்புக்குத் தெரிய வெகுகாலம் ஆயிற்று. பெயரைப் பார்த்து எல்லோரும் கிறிஸ்தவர்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். அம்சவேணி இரண்டு டிசம்பரில் போய்க் கிறிஸ்துமஸ் வாழ்த்தும் சொல்லிவிட்டு வந்தாள். ஹன்னா இரண்டு தடவையும் சிரித்த முகமாக ‘தன்யவாத்’ என்றாளே தவிர, நாங்கள் அவர்கள் இல்லை என்று சொல்லவில்லை. எதிரில் இருப்பவர் முகம் வாடுகிற மாதிரி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வராது.

அம்சவேணி அப்படி இல்லை. ஈரோட்டுப் பக்கத்துக்காரி. மனதில் இருப்பது வாயில் இருக்கும். நல்லவள், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவளுக்கும் இல்லை. கோளாறே அங்கேதான்.

அந்த மழைக்காலத்தில் ரூபனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. முற்றிப்போய், நினைவு தப்பி, ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஹன்னா அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. தினமும் பிளாஸ்கில் ரசமும் தூக்குப் பாத்திரத்தில் குழைந்த சோறும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறியவள் அம்சவேணிதான். பக்கத்தில் உட்கார்ந்து, ஹன்னா சாப்பிட்டு முடிக்கிற வரை எழுந்திருக்க மாட்டாள். ஒரு கிருத்திகையன்று ராமகிருஷ்ணபுரம் மலை மந்திரில் வரிசையில் நின்று முருகனுக்கு அபிஷேகமான பஞ்சாமிர்தம் வாங்கி, தொன்னை சாய்ந்துவிடாமல் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஹன்னா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள், “குடுத்தியா? ஒரு சொட்டாவது நாக்குல பட்டுதா?” என்று அம்சவேணி கேட்டபோது ஹன்னா தலையை ஆட்டினாள். அதற்கடுத்த நாள் ரூபன் கண் திறந்தார்.

அந்தத் தலையாட்டலை வைத்துக்கொண்டு அம்சவேணி ஒரு புராணமே கட்டிவிட்டாள். காய்கறி வண்டியைச் சுற்றி நின்ற பெண்களிடம், ரேஷன் வரிசையில், தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில், எங்கே நாலு பேர் கூடினாலும் பஞ்சாமிர்தக் கதைதான். “டாக்டருங்க கையை விரிச்சுட்டாங்க. எங்கப்பன் முருகன் விரிக்கலீங்க” என்று முடிப்பாள். சொல்லச் சொல்ல ஒரு சொட்டு இரண்டு ஸ்பூன் ஆயிற்று. ரூபன் வீடு திரும்பிய வாரம் மலை மந்திருக்குப் படியேறிப் போய் அவருக்காக அர்ச்சனையும் செய்துவிட்டு வந்தாள்.

குளிர் ஆரம்பித்த ஒரு காலை. சுவரில் இரண்டு தட்டு.

“அம்சா, ஞாயித்துக்கிழமை வீட்டுல மலிதா வெச்சிருக்கோம்” என்றாள் ஹன்னா. இருவரும் பேசிக்கொள்வது இந்தியில்தான். அம்சவேணியின் இந்தி ஈரோட்டில் முளைத்து மோதி பாக் காய்கறி வண்டியில் வளர்ந்தது. ஆனாலும் இருவருக்கும் ஒன்று விடாமல் புரியும்.

“மலிதான்னா?”

“நன்றி சொல்லற பூஜைன்னு வெச்சுக்கோயேன். அவலை நனைச்சு, சர்க்கரையும் தேங்காயும் கலந்து, பழமெல்லாம் வெச்சு, ஆண்டவனுக்கு நன்றி சொல்லிட்டு எல்லாருமா சாப்பிடுவோம். எலியாஹு தீர்க்கதரிசி பேரைச் சொல்லிப் பாடுவோம். ரூபன் எழுந்திருச்சா மலிதா வெக்கறேன்னு ஆஸ்பத்திரியில உக்காந்து நேர்ந்துக்கிட்டேன்.” ஹன்னாவின் கண் கலங்கியது. “அவல் நீ கலந்து தரியா? எங்க வீட்டுல தேங்காய்த் துருவி இல்ல. அது சாக்குதான். அந்தத் தட்டுல உன் கை பட்டிருக்கணும்னு எனக்கு ஆசை. அடுப்புல ஏத்தாத பண்டம், எங்க ஆளுங்கதான் செய்யணும்னு கிடையாது.”

அம்சவேணிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. “இதைக் கேக்கணுமா? ஜல்தி சாமானைக் குடு” என்றாள்.

வீட்டுக்குள் வந்து யோசித்தபோதுதான் ஒரு முள் தைத்தது. எலியாஹுவாமே. கண்ணைத் திறந்து வைத்தவர் ஒருவர், நன்றி வாங்கிக்கொள்கிறவர் இன்னொருவரா?

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஹன்னா கொடுத்த அவலைக் களைந்து, சர்க்கரையும் ஏலக்காயும் போட்டு, தேங்காயைப் பஞ்சு மாதிரித் துருவிக் கலந்தாள். கை சும்மா இருக்குமா? பழனி வாசனை வரட்டும் என்று ஒரு கிள்ளு பச்சைக் கற்பூரமும் நுணுக்கிப் போட்டாள். மற்ற அரசாங்கக் குடியிருப்பு வீடுகளைப் போலவே அவள் வீட்டிலும் சாமி அலமாரி சமையலறையில்தான் இருந்தது. பாத்திரத்தைத் தூக்கி முருகன் படத்துக்கு முன்னால் வைத்து மூடியைத் திறந்தாள்.

தண்ணீர் குடிக்க வந்த சிவஞானம் அதைப் பார்த்தார். கிருஷி பவனில் தலைமை எழுத்தர். எதையும் ஒரு தடவை கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிற மனிதர்.

“ஏம்புள்ள, அது அவுங்க பண்டமல்லோ? அதை எதுக்கு நம்ம சாமிக்குக் காட்டற?”

“எழுப்பியுட்டது ஆருங்க? நன்றி மட்டும் வேற பக்கம் போனா நாயமாங்க?”

“அதுவுஞ் செரிதான்” என்று அவர் பேப்பருக்குத் திரும்பிவிட்டார்.

அம்சவேணி கற்பூரம் ஏற்றினாள். மணியடித்தாள். கொஞ்சம் பலமாகவே அடித்தாள். “முருகா, அவுங்க எந்தப் பேரைச் சொல்லிக் கும்பிட்டாலும் வாங்கிக்கிறது நீதான். உனக்குண்டானதை எடுத்துக்க” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சேர வேண்டியவருக்குச் சேர வேண்டிய பங்கைச் சேர்த்துவிட்ட திருப்தி அவளுக்கு.

சுவரைத் தட்டினாள். அங்கிருந்து பதில் தட்டு வரவில்லை. மறுபடியும் தட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து ஹன்னா பால்கனிக்கு வந்து, ஒன்றும் பேசாமல் பாத்திரத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். சாமி காரியம் அல்லவா, அந்த மரியாதை என்று அம்சவேணி நினைத்துக்கொண்டாள்.

நாலு மணிக்குப் பட்டுப்புடவை உடுத்தி, கணவரையும் மகள் இந்திராணியையும் கிளப்பிக்கொண்டு போனாள். ஹன்னா வீட்டு முன்னறையில் மேஜை நாற்காலியெல்லாம் ஒதுக்கி ஜமக்காளம் விரித்திருந்தது. நடுவில் பெரிய தட்டு, மேலே வெள்ளைத் துணி மூடியிருந்தது. ஆண்கள் ஒரு பக்கம் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார்கள். தலை மூடாமல் உட்காரக் கூடாது என்றதும் சிவஞானம் கைக்குட்டையை எடுத்து நாலு முனையிலும் முடிச்சுப் போட்டு மாட்டிக்கொண்டார். இந்திராணி சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்தினாள்.

ஹன்னா ஓடியாடி எல்லோரையும் உட்கார வைத்தாள். அவள் விரலில் ஒரு துணிக்கட்டு இருந்தது. விருந்துக்குக் கறி நறுக்கும்போது பட்டிருக்கும் என்று அம்சவேணி எண்ணினாள்.

ஆரம்பிக்க முடியவில்லை. ரூபன் எல்லோர் முன்னாலும் நன்றி ஜபம் சொல்ல வேண்டும், அதற்கு அவர்களில் பத்து ஆண்கள் இருந்தே ஆக வேண்டுமாம். டெல்லியில் அவர்களைத் திரட்டுவது சாமானியமா? ஒன்பது பேர் வந்தாயிற்று. பத்தாவது ஆள் கரோல் பாகிலிருந்து வர வேண்டும், ஸ்கூட்டர் மக்கர் செய்கிறது என்று போன் வந்தது. முன்னால் நின்று நடத்தப் போகிற பெரியவர், ராணுவத்தில் காப்டனாக இருந்து ஓய்வு பெற்ற சாலமன் சாகிப், கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். இந்திராணிக்கு வேறு கவலை. ஆறு மணிக்கு டெலிவிஷனில் படம்.

அம்சவேணியின் பக்கத்தில் ரூபனின் அத்தை மிரியம் உட்கார்ந்திருந்தாள். அலிபாகிலிருந்து இதற்காகவே ரயிலேறி வந்த கிழவி. பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அவளுக்கு வாய் ஓயவில்லை.

“அவனே இப்பதான் எழுந்து நடக்கறான். மத்தியானம் திடீர்னு அவனை மார்க்கெட்டுக்கு விரட்டிட்டா இந்த ஹன்னா. என்னடின்னா, பழம் பத்தலையாம்” என்று குறைப்பட்டுக்கொண்டாள். உடனே மருமகளை விட்டுக்கொடுக்கவும் மனம் வரவில்லை. “ஆனா அவளை மாதிரி ஒருத்தி கிடைக்க மாட்டா. எங்க ஊருல எங்களைச் சுத்தியும் கோயில்தான். பக்கத்து வீடுகள்ல இருந்து பிரசாதம் வரும். நாங்க ரெண்டு கையாலயும் வாங்கிக்குவோம், மரியாதையா வெச்சுக்குவோம், ஆனா வாயில போட மாட்டோம். ஒரு உருவத்துக்கு முன்னால வெச்சுப் படைச்சதை எங்க ஆளுங்க சாப்பிடக் கூடாது. உயிர் போனாலும் கூடாது.”

“உயிர் போனாலுமா?” என்றாள் அம்சவேணி.

“பின்னே? ரூபன் மூச்சு இழுத்துக்கிட்டு கிடந்தப்ப, யாரோ ஒரு மதராஸிப் பொம்பளை பிரசாதம் கொண்டாந்து குடுத்தாளாம். ஹன்னா அதை வாங்கி, கால் படாத இடமாப் பாத்து, ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியில கொட்டிட்டு வந்தாளாம். குடுத்தவ மனசும் நோகலை, நம்ம கட்டளையும் மீறலை. அந்த நேரத்துல எத்தனை பேருக்கு அவ்வளவு புத்தி இருக்கும், சொல்லு.”

மரத்தடியில்.

வரிசையில் நின்று, மடியில் ஏந்தி, தொன்னை சாயாமல் கொண்டுபோனது மரத்தடிக்கா? அம்சவேணிக்கு முகம் பற்றி எரிந்தது. ரேஷன் வரிசையில் தான் சொன்ன கதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து அவளைப் பார்த்துச் சிரித்தது. அதற்குள் இன்னொன்றும் புரிந்துவிட்டது. எதிரே வெள்ளைத் துணிக்கு அடியில் இருப்பது என்ன? படத்துக்கு முன்னால் வைத்து, கற்பூரம் காட்டி, மணியடித்த அவல்.

அந்த நிமிடமே எழுந்து ஹன்னாவைத் தனியாகக் கூப்பிட்டிருக்க வேண்டும். அம்சவேணி எழுந்திருக்கவில்லை. சாப்பிடட்டுமே என்று ஒரு குரல் உள்ளே சொன்னது. மரத்தடியில் கொட்டினாயே, இப்போது எங்கே கொட்டுவாய் பார்க்கலாம் என்றது. அந்த எண்ணம் அவளுக்குக் கொஞ்சம் இனிக்கக்கூட இனித்தது. கால் மேல் கால் போட்ட மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

அப்போது ரூபன் வந்தார். சட்டைக் காலருக்குள் கழுத்து குச்சியாக நின்றது. பெண்கள் பக்கம் பார்த்து, அம்சவேணியைக் கண்டு, கையெடுத்துக் கும்பிட்டார். “வந்துட்டீங்களா பஹன்ஜி. நீங்க இல்லாம ஆரம்பிக்க வேண்டாம்னு சொன்னேன்” என்றார்.

இனிப்பு போன இடம் தெரியவில்லை. இந்த மனிதர் வாயிலா அதைப் போகவிடப் பார்த்தோம் என்று அம்சவேணிக்கு உடம்பு கூசியது. இன்னும் நேரமிருந்தது. பத்தாவது ஆள் வரவில்லை. எழுந்து நாலடி வைத்தால் சமையலறை, அங்கே ஹன்னா. என்ன சொல்வது? உங்கள் பண்டத்தை எங்கள் சாமிக்குப் படைத்துவிட்டேன் என்றால் இத்தனை பேர் முன்னால் பூஜை நின்றுபோகும். அலிபாகிலிருந்து வந்த கிழவி, கரோல் பாகிலிருந்து வருகிறவர், சாலமன் சாகிப் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையை நினைத்தாலே கால் எழும்பவில்லை. இன்னொரு நிமிடம், இன்னொரு நிமிடம் என்று உட்கார்ந்திருந்தாள். வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. பத்தாவது மனிதர் கிரீஸ் கையோடு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

பாட்டு ஆரம்பித்தது. எலியாஹுவின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லும் பாட்டு. கிழவியும் ஹன்னாவும் கண்ணை மூடிக்கொண்டு பாடினார்கள். துணியை எடுத்தார்கள். அவல் குவியலாக இருந்தது. சுற்றிலும் வாழைப்பழம், ஆப்பிள், பேரீச்சை, ஆரஞ்சு, கொய்யா. உச்சியில் ரோஜா இதழ்களைப் போர்வை மாதிரித் தூவியிருந்தார்கள். ஒவ்வொரு பழத்தையும் எடுத்து ஒவ்வொரு நன்றி. ரோஜாவின் வாசனைக்குக்கூட ஒரு நன்றி. இவ்வளவு சின்ன விஷயங்களுக்கெல்லாம் நன்றி சொல்கிற ஆட்களா இவர்கள் என்று அம்சவேணிக்கு ஆச்சரியமாக இருந்தது. அவள் அறிந்தவரை சாமியிடம் போவது கேட்பதற்கு.

கடைசியில் ரூபன் எழுந்து, நடுங்குகிற குரலில் அவர்கள் பாஷையில் இரண்டு வரி சொன்னார். பத்துப் பேரும் ஒரே குரலில் பதில் சொன்னார்கள்.

சாலமன் சாகிப் அக்கம்பக்கத்தாருக்காக இந்தியில் விளக்கினார். “சாவு வரைக்கும் போய்த் திரும்பினவன் தனியா நன்றி சொன்னாப் பத்தாது. நாலு பேர் கேக்கச் சொல்லணும். என்ன சொல்றான்னா, தகுதி இல்லாதவங்களுக்கும் நன்மை செய்யற ஆண்டவனே, எனக்கு நீ எல்லா நன்மையும் செஞ்சேங்கறான். நாங்க, உனக்கு நல்லது செஞ்சவர் இனியும் செய்யட்டும்ங்கறோம்.”

தகுதி இல்லாதவர்களுக்கும் என்ற இடத்தில் அம்சவேணி தலையைக் குனிந்துகொண்டாள். ரூபன் சொன்னது தன்னைப் பற்றித்தான். ஆனால் அந்த அறையில் அந்த வார்த்தைக்கு உரிய ஆள் யார் என்று அவளுக்குத் தெரியும்.

அதோடு விட்டாரா? “இன்னொருத்தருக்கும் நான் நன்றி சொல்லணும்” என்று ரூபன் இந்தியில் தொடர்ந்தார். “நான் கண்ணைத் திறந்ததும் முதல்ல வாயில வெச்சது அம்சவேணி பஹன் கொண்டுவந்த ரசம். ஹன்னா உயிரோட இருந்ததும் அந்தப் பிளாஸ்கினாலதான். அவங்களுக்கும் அவங்க வீட்டுக்கும் எல்லா நன்மையும் வரட்டும்.”

பத்துப் பேரும் மறுபடியும் ஒரே குரலில் ஆமென் என்றார்கள். கிழவி அவளைத் திரும்பிப் பார்த்தாள். ‘யாரோ ஒரு மதராஸி’ யார் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். முகம் சுண்டிப்போய், அம்சவேணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி சுட்டது.

பஞ்சாமிர்தத்தைப் பற்றி ஊரெல்லாம் பேசினாள். ரசத்தைப் பற்றி ஒரு நாளும் பேசினதில்லை. அது சாதாரண ரசம்தானே என்று விட்டிருந்தாள்.

ஹன்னா சின்னச் சின்னத் தட்டுகளில் அவலை வைத்து ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டே வந்தாள். ரூபன் ஒரு வாய் எடுத்தார். அம்சவேணி கண்ணை இறுக மூடினாள். இதோ போயிற்று, இனிச் சொல்லி என்ன, சொல்லாமல் என்ன. தன் தட்டிலிருந்து எடுத்து வாயில் போட்டாள்.

பல்லில் தேங்காய் கடிபட்டது. துருவல் இல்லை, துண்டு. கத்தியால் அவசரமாக அரிந்த, ஒன்று தடியும் ஒன்று மெலிசுமான துண்டுகள். பச்சைக் கற்பூர வாசனை இல்லவே இல்லை. இன்னொரு வாய் போட்டுப் பார்த்தாள். இது அவள் கலந்த அவல் இல்லை.

ஹன்னாவின் விரல் கட்டைப் பார்த்தாள். மத்தியான வெயிலில் மார்க்கெட்டுக்கு ஓடியது பழத்துக்காக இல்லை என்பது புரிந்தது. ரூபனுக்கும் தெரியும். தெரிந்தேதான் கும்பிட்டார், தெரிந்தேதான் நன்றி சொன்னார். அம்சவேணி தட்டைக் கீழே வைத்தாள்.

எல்லோரும் விருந்துக்குப் பரபரத்தபோது அவள் சமையலறைக்குப் போனாள். அலமாரியின் மேல் தட்டில், ஒரு சுத்தமான துணியின் மேல், அவளுடைய பாத்திரம் மூடியபடி இருந்தது. ஹன்னா அதை எடுத்து வந்தாள்.

“மணி சத்தம் கேட்டுது” என்றாள் மெதுவாக. “தப்பு என்னோடதுதான் அம்சா. நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். உனக்குத் தெரியாதில்ல? ஒரு பருக்கை கீழ போகலை. உங்க சாமிக்கு வெச்சது, உங்க வீட்டுல எல்லாரும் சாப்பிடுங்க.”

தெரியாதில்ல என்று அவள் கேட்டதில் கேள்வியே இல்லை. கையில் கொடுத்த ஊன்றுகோல் அது. அம்சவேணி அதைப் பிடித்துக்கொண்டாள். தலையை ஆட்டினாள். பாத்திரத்தை வாங்கிக்கொண்டு பின்வழியாக வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஆறு மணிக்குக் குடியிருப்பு முழுவதும் படச் சத்தம். சிவஞானம் ஒரு கிண்ணம் அவலைப் போட்டுக்கொண்டு, “பேஷா இருக்குதே புள்ள” என்றார். இந்திராணியும் ஒரு வாய் அள்ளிப் போட்டாள்.

“அரே, இது வேற டேஸ்டும்மா. அங்க குடுத்தது இது இல்லியா? ஆன்ட்டி எதுக்கு நம்மளுதை வாபஸ் குடுத்துட்டாங்க?”

“தின்னுபோட்டுப் பேசாம இரு” என்று எரிந்து விழுந்தாள் அம்சவேணி. குழந்தை முகம் போன போக்கைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

“ஏம்புள்ள, என்னாச்சு?” என்று பின்னாலேயே வந்தார் சிவஞானம்.

“அவுங்க திங்கக்கூடாதுன்னு பூசைக்கு முன்னாலயே எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க. தெரிஞ்சும் வாயைத் தொறக்கலீங்க. திங்கட்டும்னு இருந்தேனுங்க.”

“அதான் திங்கலியே” என்றார் சிவஞானம்.

“நான் திங்க உட்டனே!”

கரண்டியை எடுத்துச் சுவரில் தட்டினாள். முதல் தடவை கேட்டதோ இல்லையோ. மறுபடியும் தட்டினாள். ஹன்னா ஈரக் கையைத் துடைத்தபடி பால்கனிக்கு வந்தாள். குளிரில் இருவர் வாயிலிருந்தும் புகை வந்தது.

“ஹன்னா, எனக்குத் தெரியும். மணியடிச்சப்போ தெரியாது. உங்க அத்தை சொன்னதுக்கு அப்புறம் தெரியும். ரூபன் பாய் வாயில வெக்கற வரைக்கும் பாத்துட்டு உக்காந்திருந்தேன். நீ பஞ்சாமிர்தத்தைக் கொட்டிட்டேன்னு எனக்குக் கோபம்.”

“அன்னிக்கு நான் தலையாட்டினது தப்பு” என்றாள் ஹன்னா. “நீ ஆசையா கொண்டுவந்தது, வேண்டாம்னு சொல்ல மனசு வரலை.” கையை மறுபடியும் துடைத்தாள். “ஆனா நீ… அவர் சாப்பிடப் போறார்னு தெரிஞ்சும் சும்மா இருந்தியா?”

“ஆமா.”

“இதை நீ எங்கிட்ட சொல்லாமலே இருந்திருக்கலாம், அம்சா” என்றாள் ஹன்னா. குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் அம்சவேணிக்குத் தேவலையாக இருந்திருக்கும். பால்கனிக் கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

அதற்குப் பிறகு சுவர் பேசவில்லை. பால் வண்டி வந்தது, தண்ணீர் நின்றது, குரங்கு இந்திராணியின் பள்ளிக்கூடச் சட்டையைத் தூக்கிக்கொண்டே போய்விட்டது. அம்சவேணி கரண்டியைக் கையில் எடுப்பாள், சுவரைப் பார்ப்பாள், கீழே வைத்துவிடுவாள். வாசலில் எதிர்ப்பட்டால் ஹன்னா சிரிக்கத்தான் செய்தாள். கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொன்னபோது சிரித்தாளே, அதே சிரிப்பு.

ஒரு நாள் காய்கறி வண்டியருகே, புதிதாகக் குடிவந்த தங்கம் என்கிற பெண்ணிடம் யாரோ, “இவங்ககிட்டதான் அந்தப் பஞ்சாமிர்தக் கதையைக் கேக்கணும்” என்றார்கள். தங்கம் ஆவலாகத் திரும்பினாள்.

“அவர் பஞ்சாமிர்தமெல்லாம் சாப்பிடலீங்க” என்றாள் அம்சவேணி. “ரசம் குடிச்சார். டாக்டருங்க நல்லாப் பாத்தாங்க.” கத்தரிக்காயை எடை கூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

குளிர் கழிந்து, வேப்பமரம் இலை மாற்றுகிற சமயம். அரிசி களைந்துகொண்டிருந்தபோது சுவரில் இரண்டு தட்டு கேட்டது. அம்சவேணி களைந்த அரிசியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். ஹன்னா கைப்பிடிச் சுவரருகே நின்றிருந்தாள்.

“ரூபனோட தங்கச்சிக்குக் குழந்தை பிறந்திருக்கு. வீட்டுல மலிதா” என்றாள்.

“அச்சா, ரொம்ப சந்தோஷம். தேங்காயைக் கொண்டா, நான்…” என்று ஆரம்பித்த அம்சவேணி பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

“துருவி மட்டும் குடேன்” என்றாள் ஹன்னா. “தேங்காயை நானே துருவிக்கறேன்.”

அம்சவேணி உள்ளே வந்தாள். துருவியைக் குழாயடியில் வைத்துப் புளி போட்டுத் தேய்த்தாள். பல் இடுக்கில் பழைய துருவல் ஒன்று இருந்தது, அதை ஈர்க்குச்சியால் குத்தி எடுத்தாள். மறுபடியும் கழுவி, புதுத் துணியால் துடைத்து, கொண்டுவந்து கைப்பிடிச் சுவருக்கு மேலே நீட்டினாள்.

ஹன்னாவின் கையில் கரண்டி இல்லை, ஒன்றும் இல்லை. அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.